கிரேக்கக் குழலும் எங்கள் ஊர்ப் பறையும்

ஆண்டு விழா மேடையிலிருந்து முருகையன் இறங்கிப் போனதைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். தலைக்கனம் என்கிறார் ஒருவர். கூப்பிட்டு மரியாதை செய்தால் இப்படியா என்கிறார் இன்னொருவர். வரலாற்றுத் துறையில் எனக்குப் பின்னால் வந்த செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. விழாவுக்கு அவனை அழைத்தவள் அவள்தான். "நாங்க என்ன மேடம் தப்புப் பண்ணோம்? நீங்களாவது சொல்லுங்க. ஆண்டு மலர்ல போடுறோம், எழுதிக் குடுங்க" என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். ஓய்வு பெற்றதும் எழுத ஆரம்பிக்கிற வியாதி எனக்குக் கிடையாது. பென்ஷன் வந்ததா, முழங்காலுக்குத் தைலம் தடவினோமா என்று இருப்பவள். ஆனால் விஷயம் தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

நான் தஞ்சாவூர் டவுனில் பிறந்தவள். படித்ததையும் வேலை தேடியதையும் விரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். படித்தேன், அலைந்தேன், மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கக் கிடைத்தது, முடி நரைக்கும் வரை அங்கேயே இருந்தேன். துறைத் தலைவர் சாம்பசிவம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் படாமல் ஒரு தனிக் கைக்குட்டை. வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் அவர் சொந்த ஊர்; நிலபுலன்களை அண்ணன் பார்த்துக்கொண்டார், இவர் மட்டும் படிப்பு, வீணை என்று இருந்தார். யாரிடமாவது ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் உத்தரவு போட மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்பார். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்து முடியாது என்று சொன்ன ஒருத்தரையும் நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை. விடைத்தாள் கட்டுகளை எத்தனை தடவை என் தலையில் கட்டியிருக்கிறார்! எல்லாம் அந்தத் தலைச் சாய்ப்பால்தான்.

துறையில் கிரேக்க நாகரிகத்துக்கு ஒரு தாள் இருந்தது. மற்ற கல்லூரிகளில் அதை எடுப்பவர்கள் போர்களை ஒப்பித்துவிட்டுப் போவார்கள். சார் மட்டும் இசைக்கருவிகளுக்கென்று ஒரு வகுப்பு வைப்பார். அந்த வகுப்புக்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே நான் போய் அறையைக் கூட்டச் சொல்ல வேண்டும். மேசையை ஓரமாகத் தள்ளி, ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் அவர் வீட்டு வீணை. எல்லோரும் செருப்பை வெளியே விட்டு வர வேண்டும். கோயிலில் நாகஸ்வரம் வாசிப்பவர் ஒருவர் வருவார். அவருக்கு ஒரு நாற்காலி. ஜன்னல் ஓரம் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் விளிம்பு வரை தண்ணீர்.

தாம்பாளம் எதற்கு என்றால், அங்கேதான் கதை ஆரம்பிக்கும். கிரேக்கர்களுக்கு லைர் என்று ஒரு யாழ், ஆலோஸ் என்று ஓர் இரட்டைக் குழல். குழல் என்றால் புல்லாங்குழல் இல்லை. சீவாளி வைத்து ஊதுவது, நம் நாகஸ்வரத்துக்குச் சொந்தக்காரன். அந்தக் குழலை முதலில் செய்தது அதீனா என்ற தெய்வம். ஊதிக்கொண்டே போனவள் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் உப்பி, கண் பிதுங்கிக் கிடந்தது. சீ என்று குழலை வீசிவிட்டாள். இந்த இடம் வந்ததும் சார் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, கன்னத்தை உப்பவைத்துத் தாம்பாளத்தில் பார்க்கச் சொல்வார். வகுப்பு சிரிக்கும். நாகஸ்வரக்காரரும் சிரிப்பார், ஆனால் கடைசியாகத்தான் சிரிப்பார்.

வீசிய குழலைக் காட்டில் திரிந்த மார்சியாஸ் எடுத்தான். பாதி மனிதன், பாதி மிருகம். ஊதி ஊதிப் பெரிய வித்தைக்காரன் ஆகி, யாழின் தெய்வமான அப்பல்லோவையே போட்டிக்கு அழைத்தான். ஜெயித்தவர் தோற்றவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒப்பந்தம். தோற்றான். அப்பல்லோ அவனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு உயிரோடு தோலை உரித்தார். இதைச் சொல்லும்போதும் சார் குரல் மாறாது.

அதற்குப் பிறகுதான் பாடம். யாழ் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் கருவி; அது மனசை நேராக வைக்கும் என்று நம்பினார்கள். குழல் கூலிக்கு வந்தவனின் கருவி. அது புத்தியைக் கலைக்கும். விருந்தில் குழல் ஊத வரும் அடிமைப் பெண் இன்னும் கீழே. ஊது என்றால் ஊத வேண்டும், போ என்றால் போக வேண்டும். அதற்காகக் குழலை ஒதுக்கிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. பலி கொடுக்கக் குழல் வேண்டும், சாவுக்குக் குழல் வேண்டும், போர்க்கப்பலில் துடுப்புகள் சேர்ந்து விழக் குழல் வேண்டும். கட்டாயம் வேண்டும், ஆனால் பக்கத்தில் உட்காரக் கூடாது. யாழிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நல்ல வீட்டுப் பையன் யாழ் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ரொம்ப நன்றாகக் கற்றுக்கொள்ளக் கூடாது. அது காசுக்கு வாசிக்கிறவனின் லட்சணம் என்று அவர்களுடைய பெரிய அறிஞர்களே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நான் ஏதென்ஸ் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு வீணை உறை போட்டுச் சாத்தி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் வாசிக்க எனக்கு இரண்டு பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போய் மூன்றாவது பாட்டுக்கு வாத்தியாரை நச்சரித்தேன். "போதும்டி, ரொம்ப வாசிச்சா வேற மாதிரி நினைப்பாங்க" என்று அம்மா உறையைப் போட்டுவிட்டாள். அதோடு சரி.

முருகையன் இந்த வகுப்பில்தான் முதன்முதலாக என் கண்ணில் பட்டான். சாரின் ஊர்தான்; தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப்புறம் அவர்கள் தெரு. அவன் அப்பா வீரமுத்து ஊர்ச் சாவுகளுக்குப் பறை அடிப்பவர். அந்த வேலையோடு ஒட்டித்தான் அவர்களுக்குச் சார் குடும்பத்து நிலத்தில் கொஞ்சம் குத்தகை. "அந்தப் பையனை எங்கூட அனுப்பு வீரமுத்து, நான் படிக்க வைக்கிறேன்" என்று அந்தத் தெருவுக்கே நேரில் போய்க் கேட்டவர் சார். அதற்காக அண்ணனோடு சண்டைகூடப் போட்டார். அதை மறைத்து எழுதினால் என் நாக்கு அழுகிவிடும்.

தோலை உரித்த கதை முடிந்து, மணியும் அடித்துவிட்டது. முருகையன் மட்டும் எழுந்து நின்றான். "சார், உரிச்ச தோலை என்ன பண்ணாங்க?"

"தொங்க விட்டிருந்தாங்கப்பா. பக்கத்துல யாராவது குழல் ஊதினா அந்தத் தோல் அதிருமாம். யாழ் வாசிச்சா அசையாதாம்."

"இழுத்துக் கட்டலையா சார்?"

சார் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா வசந்தாம்மா, இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றைக்கே அவனை ஆராய்ச்சி வரை கொண்டுபோவது என்று முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் அதே வகுப்புக்குப் பறையும் வேண்டும் என்று சாருக்குத் தோன்றியது. "முருகையா, வீட்லேருந்து ஒண்ணு எடுத்துட்டு வாயேன்" என்றார். "வீட்ல இல்ல சார்" என்றான் அவன். "அதெப்படிப்பா உங்க வீட்ல இல்லாமப் போகும்?" என்று சார் கேட்டார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். பின் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். முருகையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாருக்குச் சிரிப்பும் கேட்கவில்லை, அவன் முகமும் தெரியவில்லை. நல்லவர்களுக்குச் சில விஷயங்கள் தெரியாமலே போய்விடும். அதுதான் எனக்கு எரிச்சல்.

எம்.ஏ. முடித்து, சாரிடமே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தான். தலைப்பு, கிரேக்கர்களின் இசைக்கருவிகளும் ஒழுக்கமும். மாடு மாதிரி உழைத்தான். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி எழுதியிருந்தான்: "கருவிக்குக் குலம் இல்லை, தொடுகிறவனுக்குத்தான் நாம் குலம் வைத்தோம்." சார் அதை ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் கை தட்டினோம். ஆய்வேடு போய், வெளித் தேர்வாளர்களின் அறிக்கை நல்லபடியாக வந்து, பொது வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் போட்டாயிற்று. அது முடிந்தால் அவன் தெருவில் முதல் டாக்டர்.

அந்த நேரத்தில்தான் சாரின் அம்மா தவறினார்.

துக்கத்துக்குப் போகவும் எங்கள் துறைக்கு ஒரு முறை இருந்தது. அதுவும் சார் வகுத்ததுதான். கல்லூரி வேன். மன்னார்குடியில் நிறுத்தி ரோஜா மாலை வாங்க வேண்டும். மாலையைத் துறையின் ஆராய்ச்சி மாணவர் ஏந்தி வர, மூத்தவர் வாங்கிச் சாத்த வேண்டும். பெண்கள் உள்ளே, ஆண்கள் பந்தலில். காபி குடிக்கக் கூடாது. கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அன்று ஆராய்ச்சி மாணவர் என்றால் முருகையன்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மாலை. வேனில் வாயே திறக்கவில்லை. நான், பாவம், சாரை நினைத்து வருந்துகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

அறுவடை முடிந்து வயலெல்லாம் தாள் மட்டும் நின்ற சமயம். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நாலு பேர் அடிக்க வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார் போல, மூன்று பேர்தான் நின்றார்கள். அதில் நடுவில் நின்றவர் வீரமுத்து. நாங்கள் வேனிலிருந்து இறங்கி அவர்களைத் தாண்டித்தான் பந்தலுக்குப் போனோம். மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா நெருப்பைப் பார்த்தார்.

பந்தல் வாசலில் சாரின் அண்ணன் நின்றிருந்தார். எங்களை எல்லாம் கும்பிட்டவர், மாலையோடு நின்ற முருகையனைக் கண்டதும் கையை இறக்கினார்.

"ஏண்டா, அங்க உங்கப்பன் ஆள் இல்லாம மல்லாடுறான். நீ இங்க மாலை தூக்கிட்டு நிக்கிறியா? போடா, போய் அடி."

எங்கள் மாணவர்கள், என் சக ஆசிரியர்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "அவன் எங்க டிபார்ட்மென்ட் ஆளா வந்திருக்கான்ங்க" என்றேன். அவர் என்னைத் தூணைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதற்குள் சார் எழுந்து வந்துவிட்டார். அழுது சிவந்த கண்கள், ஈர வேட்டி. அப்பாடா, வந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தேன். முருகையனும் அப்படித்தான் நினைத்திருப்பான், சாரையே பார்த்தான்.

சார் அவன் தோளில் கை வைத்தார். தலையை லேசாகச் சாய்த்தார்.

"முருகையா, அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை. இது அவமானம் இல்லப்பா. நீயே எழுதியிருக்கியே, கருவிக்குக் குலம் இல்லன்னு. கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

"சார், வேண்டாம் சார். விட்டுடுங்க அவனை" என்று நான் சொன்னேன்.

"நீங்க டவுன்காரங்கம்மா. இந்த ஊர் முறை உங்களுக்குத் தெரியாது" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

முருகையன் என் பக்கம் வந்தான். "மேடம், இதக் கொஞ்சம் பிடிங்க" என்று மாலையை என் கையில் கொடுத்தான். செருப்பைக் கழற்றி வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். தெருமுனைக்கு நடந்தான். "வேணாண்டா" என்று வீரமுத்து சொன்னது எனக்குக் கேட்டது. "விடுப்பா" என்று சொல்லிவிட்டு, நெருப்போரம் சும்மா கிடந்த நாலாவது பறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அடித்தான். சுடுகாடு வரை அடித்தான். யாரையும் பார்க்காமல், முகத்தில் ஒன்றும் இல்லாமல் அடித்தான். எங்கள் மாணவர்களில் ஒருவன்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. "ரத்தத்துல இருக்குல்ல, என்னமா பேசுது பாருங்க" என்று பந்தலில் யாரோ பாராட்டினார். அந்த ஆளின் முகத்தில் மாலையை விட்டெறிய வேண்டும் போல இருந்தது எனக்கு. இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது.

திரும்பும்போது அவன் வேனில் ஏறவில்லை. செருப்பு அங்கேயே இருந்தது. நான் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து துறையில் வைத்தேன். மறுவாரம் வந்து மாட்டிக்கொண்டு போனான்.

பிறகு வாய்மொழித் தேர்வு. கருத்தரங்கக் கூடத்தில் இடம் இல்லை. வெளியே ஜன்னலில் எல்லாம் மாணவர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை வானளாவப் புகழ்ந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தின் அந்த வரியைப் படித்து, "இந்த முடிவை இன்னும் கொஞ்சம் விளக்குங்க" என்றார். மாலை போடுவதற்கு முன்னால் கேட்கிற சம்பிரதாயக் கேள்விதான் அது. முருகையன் தண்ணீர் குடித்தான்.

"அந்த முடிவு தப்புங்க ஐயா. அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாழ் வாசிக்கிற பையன் இன்னிக்கு வேணாம்னா கீழ வச்சுட்டு எழுந்து போகலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. விருந்துல குழல் ஊத வந்த பொண்ணு அப்படிப் போக முடியாது. அவ ஊதினதும் நல்ல இசையாத்தான் இருந்திருக்கும். நான் இசையை மட்டும் பாத்து எழுதிட்டேன். கருவிக்குக் குலம் இல்லங்கிறது, மாட்டேன்னு சொல்ல முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான் உண்மை. மத்தவங்களை அடிக்க வைக்கவும் அதே வரியைச் சொல்லலாம். அதனால அதை எடுத்துடணும்."

தேர்வாளர் நல்ல மனிதர். சாவு வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. சுவாரசியமான வாதம், அப்படியே முடிவுரையைத் திருத்தி எழுதி, நெறியாளர் கையெழுத்தோடு அனுப்புங்கள், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிவிட்டுப் போனார். நெறியாளர் என்றால் சார்.

முருகையன் திருத்தி எழுதிக் கொடுத்தான். சார் கையெழுத்துப் போடவில்லை. மறுத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, மேசையிலேயே வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு நெருங்கியது. பொறுக்க முடியாமல் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வீணை ஜமுக்காளத்தின்மேல் இருந்தது. சார் ரொம்ப இளைத்திருந்தார்.

"என் அம்மா சாவை அவன் பரீட்சைப் பதிலா ஆக்கிட்டான் வசந்தாம்மா" என்றார். "எங்க அண்ணனைப் பகைச்சுக்கிட்டு அவனை நான் கூட்டிட்டு வந்தேன். ஊரே சிரிச்சுது. அத்தனை பேர் முன்னாடி என்னைக் குற்றவாளி மாதிரி உக்கார வச்சுட்டானே."

"அவன் உங்க பேரைச் சொல்லலியே சார்."

"நான் அவனை அடின்னு சொல்லலையேம்மா. கேட்டேன். அவ்வளவுதானே?"

"மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

சார் கைக்குட்டையை எடுத்து வீணையின் குடத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "சொல்லியிருக்க மாட்டான்மா" என்றார்.

அவர் காதில் அது விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் காதில் விழுந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

முருகையனிடம் போய் நானே சொன்னேன். "பழைய முடிவுரையே இருந்துட்டுப் போகட்டும்டா. கையெழுத்தை வாங்கிக்கோ. அப்புறம் புத்தகமாப் போடும்போது உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ. இந்த ஒரு தடவை விட்டுக்குடு."

அவன் கோபப்படவில்லை. "அன்னிக்கும் ஒரு தடவைன்னுதானே மேடம் சொன்னாங்க" என்றான்.

கெடு முடிந்தது. பட்டம் இல்லை. அடுத்த போகத்துக்குள் குத்தகையும் கை மாறிவிட்டது. காரணம் கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை. வீரமுத்து அதற்குப் பிறகும் கூப்பிட்ட சாவுக்கெல்லாம் போய் அடித்துக்கொண்டிருந்து, ஒரு மழைக்காலத்தில் கண்ணை மூடினார். நான் போயிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து அவர் கூட்டாளிகள் பறையோடு வந்து நின்றார்கள். முருகையன் யாரையும் அடிக்க விடவில்லை. "ஊருக்கெல்லாம் அடிச்ச மனுஷன்டா, உங்கப்பனை ஊமையா அனுப்புறியா?" என்று சித்தப்பா ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். அவன் முன்னால் நடந்தான். வாய்க்கால் கரையில் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சார் பெரிய மரியாதைகளோடு ஓய்வு பெற்று, அவர் காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். முருகையன் இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறான். சீசனுக்கு வேலை, மற்ற மாதங்களில் கிடைத்தது.

இனி விழாவுக்கு வருகிறேன். துறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது பட்டம் பெறாத அவன் ஆய்வேட்டின் பிரதி செண்பகவல்லி கையில் கிடைத்திருக்கிறது. திருத்தாத பிரதி. ஒரே மூச்சில் படித்துவிட்டு, அந்த வரியில் சொக்கிப்போய்விட்டாள். இந்த வருஷம் மாணவர்களே பறைக் குழு அமைத்திருந்தார்கள் இல்லையா, அதைத் தொடங்கி வைக்க இவரைவிட யார் என்று தேடிப் பிடித்து அழைத்தாள். அவனிடம் வாழ்த்துரை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மற்றது இன்ப அதிர்ச்சியாம்.

அவன் சந்தோஷமாகத்தான் வந்தான். முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கால் வலி எப்படி இருக்கு என்று கேட்டான். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கூடத்துக்குள் வருகிறான். வாய்மொழித் தேர்வு நடந்த அதே கூடம். பேச நாலு வரி தயார் செய்திருப்பதாகச் சொன்னான். திரை விலகியது. பின்னால் பெரிய எழுத்தில் பேனர்: கருவிக்குக் குலம் இல்லை. அதன் கீழே அவன் பெயர். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் பறையோடு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஒரு தகரத்தில் நெருப்பு மூட்டிச் சூடுகாட்டியிருந்தார்கள். அவன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

மேடைக்கு அழைத்தார்கள், போனான். பொன்னாடை போட்டார்கள். குழுவின் தலைவி, துறுதுறுப்பான பெண், ஒரு பறையைக் கொண்டுவந்து ஆசையாக அவன் தோளில் மாட்டினாள். "நம்ம ஆய்வாளர் முதல் அடியைக் கொடுப்பார்" என்று முதல்வர் மைக்கில் சொன்னார். கூடம் முழுக்கத் தாளம் போட்டுக் கை தட்டியது. அவன் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னான். "ஐயோ சார், ஒரே ஒரு தடவை, ப்ளீஸ் சார்!" என்று அவள் மைக்கில் கெஞ்சினாள். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அங்கே இருந்த அத்தனை பேரும் அவனை மதித்தவர்கள்தான். ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை.

அவன் மைக்குக்குக் குனிந்தான். "மாட்டேம்மா" என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கு எத்தனை காலம் பிடித்தது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

படி இறங்கி நேராக என்னிடம் வந்தான். "மேடம், இதக் கொஞ்சம் பிடிங்க" என்று பறையை என் மடியில் வைத்தான். பொன்னாடையை மடித்து நாற்காலியில் போட்டான். வெளியே போய்விட்டான். தயார் செய்துவந்த நாலு வரியையும் பேசாமலே போய்விட்டான். இதுதான் நீங்கள் தலைக்கனம் என்று சொல்வது.

பறை நெருப்புச் சூடு ஆறாமல் இருந்தது. புடவை வழியாகத் தொடையில் சுட்டது. முதல்வர் அவசரமாக இறங்கி வந்து என் காதருகே குனிந்தார். "மேடம், நிகழ்ச்சி நிக்குது. நீங்களாவது ஒரு தட்டு தட்டித் தொடங்கி வையுங்களேன்."

"மாட்டேன்" என்றேன்.

"பரவாயில்ல மேடம், பரவாயில்ல, நீங்க உக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, இன்றுவரை என்னை யாரும் கேட்கவில்லை.